ஆர்.ஓ. வாங்கும் முன் ஒரு சிட்டிகை உப்பு

கேள்வி: வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம், நான்கு பேர். சமையலறைக் குழாயில் மெட்ரோ வாட்டர், குளியலறையில் போர் தண்ணீர். போன வாரம் ஆர்.ஓ. (தண்ணீரில் கரைந்த உப்பை வடிகட்டும் மெஷின்) விற்க வந்தவர் சமையலறைத் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, இரண்டு கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் சாக்கடை போல ஆகிவிட்டது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் தெளிவாகவே இருந்தது. பயந்துபோன மாமியார் உடனே வாங்கச் சொல்கிறார். விலை 16,500 ரூபாய். ஆர்.ஓ.வில் வீணாகிற தண்ணீரை நினைத்தால் எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அவர் மறுபடி வந்தால், அந்த ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு அதே கம்பிகளை விடச் சொல்லுங்கள். மாமியாரையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். அதுவும் சாக்கடையாகும். கம்பிகளில் ஒன்று இரும்பு. கரண்ட் பாய்ந்ததும் அது கரைந்து துருவாக இறங்குகிறது. நீங்கள் பார்த்த நிறம் அதுதான். தண்ணீரில் உப்புகள் இருந்தால்தான் கரண்ட் நன்றாகப் பாயும். ஆர்.ஓ. தண்ணீரில் அது மிகக் குறைவு, அதனால் தெளிவாகவே இருந்தது. இந்த வித்தையை இன்னும் எத்தனை வீட்டு வாசலில் காட்டுவார்களோ!

சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை (டி.டி.எஸ்.) அது காட்டும். முதலில் அதை வாங்குங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் இந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. 500-க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 2019-ல் சொன்னது. உங்கள் சமையலறைக் குழாயில் 300, 400 என்று காட்டினால் சாதாரண ஃபில்டரோடு வரும் யு.வி. (புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் மெஷின்) போதும். அதில் கழிவுநீரே கிடையாது. மீட்டர் கிருமியைக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த வேலையை யு.வி. பார்த்துக்கொள்ளும், அல்லது கொதிக்கவைத்துக் குடிக்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் உஷார். கோடையில் மெட்ரோ வாட்டர் குறைந்தால் பல குடியிருப்புகளில் லாரித் தண்ணீரையும் போர் தண்ணீரையும் அதே சம்ப்பில் விட்டுவிடுவார்கள். அசோசியேஷனில் கேளுங்கள். மே மாதமும் ஒருமுறை அளந்து பாருங்கள். வருஷத்தில் பாதி நாள் 1,000-ஐத் தாண்டினால், சரி, ஆர்.ஓ. வாங்கத்தான் வேண்டும்.

அப்படி வாங்கினால், டெமோவின்போது குடிநீர் டியூபின் கீழே ஒரு பாத்திரம், கழிவு டியூபின் கீழே ஒரு பாத்திரம் வைத்து அளந்து பாருங்கள். பல வீட்டு மெஷின்களில் ஒரு சொம்பு நல்ல தண்ணீருக்கு மூன்று சொம்பு வெளியே போகும். சமையலுக்கும் குடிக்கவும் நாளைக்கு 15 லிட்டர் என்றால் 45 லிட்டர், அதாவது மூன்று குடம், சிங்க்கில் போகிறது. 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் அந்த மூன்று குடத்துக்கு எத்தனை மணி நேரம் வரிசையில் நின்றோம்!

கழிவு டியூபை நீளமாகப் போடச் சொல்லி ஒரு டிரம்மில் விடுங்கள். வீடு துடைக்க, டாய்லெட்டில் ஊற்ற, பாத்திரத்தின் முதல் கழுவலுக்கு அது தாராளமாக ஆகும். டி.டி.எஸ். 1,000 உள்ள தண்ணீர் உள்ளே போனால் கழிவு 1,300 வரை ஏறியிருக்கும். அதைத் தொட்டிச் செடிகளுக்குத் தினமும் ஊற்றினால் மண் மேல் வெள்ளையாகப் படியும், இலை நுனி கருகும். கார் கழுவினாலும் வெள்ளைத் திட்டு விழும். இன்வெர்ட்டர் பேட்டரி பக்கமே கொண்டுபோகாதீர்கள், அதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான்.