முதலில் நம்பர் பிளேட்டைக் கேளுங்கள்: பிரிட்டன் கார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் என்ஜினைப் பற்றியவை குறைவு. காகிதத்தைப் பற்றியவைதான் அதிகம். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. பல வருடமாக வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறேன். கியர்பாக்ஸ் போய்க் கலங்கி நின்றவர்களைவிட, வந்த கடிதத்தைப் பிரிக்காமல் விட்டுக் கலங்கி நின்றவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நாலாயிரம் பவுண்டுக்குள் பழைய கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். டீலர் இல்லை, வீட்டுக்காரர் நேரடியாக விற்கிறார். சனிக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறோம். வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (லெஸ்டர்)

சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே விற்பவரிடம் நம்பர் பிளேட் எண்ணை வாங்குங்கள். அரசாங்க இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் வண்டியின் எம்ஓடி (வருடாந்தரத் தகுதிச் சோதனை) வரலாறு முழுக்க வரும். காசு கிடையாது. எண்ணைத் தரத் தயங்குகிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

இந்த ஊரில் மூன்று வயதான கார் எல்லாம் வருடா வருடம் எம்ஓடி சோதனைக்குப் போயாக வேண்டும் (வடக்கு அயர்லாந்தில் நான்கு வயது). ஒவ்வொரு தடவையும் அன்றைய மைலேஜை, அதாவது வண்டி அதுவரை ஓடிய மைலைக் குறித்து வைப்பார்கள். அந்த எண்களை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். போன மாதம் தெரிந்தவர் ஒருவருக்காக இப்படிப் பார்த்தேன். ஒரு வருடம் 88,000 மைல், அடுத்த வருடம் 71,000. வெளியே பளபளவென்று இருந்த வண்டி. பார்க்கப் போகும் பெட்ரோல் செலவாவது மிச்சம் என்று அன்றைக்கே விட்டுவிட்டோம்.

அப்புறம் 'அட்வைசரி' வரிகள். அவை ஃபெயில் ஆக்காமல் எச்சரித்து எழுதிய குறிப்புகள். ஒரே வரி மூன்று வருடம் தொடர்ந்து வருகிறது என்றால் உரிமையாளர் வண்டிக்குச் செலவு செய்யாதவர் என்று அர்த்தம். அடிப்பாகத்தில் துரு என்று வந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். குளிர்காலத்தில் இங்கே ரோட்டில் உப்பு தூவுகிறார்கள். அது கண்ணுக்குப் படாத இடத்தில் உட்கார்ந்து இரும்பைத் தின்னும். நம் ஊர் வெயிலில் ஓடிய வண்டிக்கு வராத வியாதி இது.

அடுத்து, பத்து இருபது பவுண்ட் கொடுத்து ஒரு ஹிஸ்டரி செக் எடுத்துவிடுங்கள். வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா, திருட்டு வண்டியா, இன்சூரன்ஸ் கம்பெனி 'கேட்டகரி எஸ்', 'கேட்டகரி என்' என்று முத்திரை குத்தியதா என்பதெல்லாம் அதில் தெரியும். எஸ் என்றால் சட்டகத்தில் அடிபட்டது. என் என்றால் சட்டகம் தப்பியது. இரண்டையும் சரிசெய்து ஓட்டலாம், ஆனால் விலை கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் தேறினால் சனிக்கிழமை கிளம்புங்கள். விற்பவர் வீட்டுக்கே போங்கள், கடை வாசலில் சந்திக்கலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். லாக்புக்கில் (வண்டியின் பதிவு ஆவணம்) இருக்கும் விலாசமும் அந்த வீடும் ஒன்றா, முன்கண்ணாடிக்குக் கீழே பொறித்திருக்கும் சேஸி எண்ணும் லாக்புக்கில் உள்ளதும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். லாக்புக் கையில் இல்லை, பின்னால் அனுப்புகிறேன் என்றால் பணத்தை வெளியே எடுக்கவே கூடாது.

வண்டியைத் தொடும்போது முதலில் பானெட் மேல் உள்ளங்கையை வையுங்கள். சில்லென்று இருக்க வேண்டும். கதகதப்பாக இருந்தால் நீங்கள் வருமுன்னே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். குளிர்ந்த என்ஜின் கிளம்பும்போது வரும் சத்தமும் புகையும்தான் உண்மையைச் சொல்லும். என்ஜின் சூடாவதற்கு முன்பே ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். தயிர் ஏடு மாதிரி வெளிறிய படலம் கெட்டியாக ஒட்டியிருந்தால் ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) மேல் சந்தேகம் வரும். குறுந்தூரமே ஓடிய வண்டியிலும் கொஞ்சம் இருக்கும், அதனால் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவையும் பார்த்து முடிவு செய்யுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1419 என்றால் 2019ஆம் வருடம் 14ஆவது வாரம் செய்த டயர்.

ஒன்றை மறக்காதீர்கள். தனியாரிடம் வாங்கினால் சட்டம் தரும் பாதுகாப்பு ரொம்பக் குறைவு. முக்கியமாக, அவர் சொன்ன விவரத்தோடு வண்டி ஒத்துப்போக வேண்டும். அதனால் கேள்விகளை மெசேஜில் கேளுங்கள்: விபத்தில் சிக்கியதா, கடைசி சர்வீஸ் எப்போது? பதில் எழுத்தில் இருந்தால் நாளைக்கு உங்கள் கையில் ஒரு பிடி இருக்கும்.

வாங்கி முடித்ததும் அப்படியே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அக்டோபர் 2014 முதல் ரோட் டாக்ஸ் வண்டியோடு கைமாறுவதில்லை. விற்பவர் கட்டியது அவரோடு முடிந்தது. லாக்புக்கின் பச்சைத் துண்டில் உள்ள எண்ணை வைத்து அங்கேயே ஃபோனில் டாக்ஸ் கட்டுங்கள், இன்சூரன்ஸையும் அங்கேயே போடுங்கள். அதற்கு அப்புறம் சாவியைத் திருப்புங்கள்.

டீலரிடம் வாங்கி 19 நாள் ஆகிறது. கியர் மாற்றும்போது வண்டி குலுங்குகிறது. "பார்த்துத்தானே வாங்கினீர்கள், எங்கள் பொறுப்பு இல்லை" என்கிறார்கள். ரசீதிலும் அப்படியே எழுதியிருக்கிறது. (கிராய்டன்)

அவர் ரசீதில் என்ன எழுதினாலும் சட்டம் அதை ஏற்காது. 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி டீலர் விற்கும் வண்டி திருப்தியான தரத்தில் இருந்தாக வேண்டும். வாங்கிய 30 நாளுக்குள் கோளாறு தெரிந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். உங்களுக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. அந்த 11 நாளை டீலரோடு ஃபோனில் சண்டை போட்டுத் தீர்த்துவிடாதீர்கள்.

இன்றைக்கே மெயில் போடுங்கள். அந்தச் சட்டத்தின் கீழ் வண்டியை நிராகரிக்கிறேன் என்று ஒரே வரியில் தெளிவாக எழுதுங்கள். வேறொரு கராஜில் காட்டி, இது வாங்கும்போதே இருந்த கோளாறு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள் நிராகரிக்கும்போது அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அந்தக் கெடு தாண்டிவிட்டால், ஆறு மாதம் வரை பொறுப்பு டீலர் பக்கம் திரும்பும், ஆனால் சரிசெய்ய அவருக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். ஒரு முறை பார்த்தும் சரியாகவில்லை என்றால் அப்போதும் நிராகரிக்கலாம், ஓட்டிய மைலுக்குக் கொஞ்சம் பிடிப்பார்கள்.

பணம் எப்படிக் கட்டினீர்கள் என்று எழுதவில்லை. முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், வண்டி விலை 30,000 பவுண்டுக்கு மேல் இல்லை என்றால், கார்டு கம்பெனியும் டீலரோடு சேர்ந்து பொறுப்பு. தவணையில், அதாவது ஹெச்பி அல்லது பிசிபியில் எடுத்திருந்தால் சட்டப்படி வண்டி ஃபைனான்ஸ் கம்பெனியுடையது. அவர்களுக்கு நேராக எழுதுங்கள். டீலர் ஃபோனை எடுக்காவிட்டாலும் அவர்கள் எடுப்பார்கள்.

அண்ணா, படிக்க வந்து 14 மாதம் ஆகிறது. சென்னை லைசென்ஸில்தான் ஓட்டுகிறேன். மாலையில் காரில் சாப்பாடு டெலிவரியும் செய்கிறேன். இதுவரை யாரும் நிறுத்தவில்லை. (கோவென்ட்ரி)

தம்பி, இன்றைக்கு இரவே நிறுத்துங்கள். கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறேன்.

இந்திய லைசென்ஸில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். இலங்கை லைசென்ஸுக்கும் அதே கதை. சிங்கப்பூர் லைசென்ஸ் என்றால் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, நமக்கு இல்லை. 12 மாதம் தாண்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு, இன்சூரன்ஸும் செல்லாமல் போகலாம். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்ட் அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் பாயின்ட், வண்டியையும் தூக்கிக்கொண்டு போவார்கள். யார் மேலாவது மோதிவிட்டால் அந்தக் கடன் உங்கள் படிப்பையே விழுங்கிவிடும்.

டெலிவரி இரண்டாவது ஓட்டை. சாதாரண பாலிசி கூலிக்குச் சாமான் கொண்டுபோவதற்குச் செல்லாது, அதற்குத் தனி இன்சூரன்ஸ் வேண்டும். மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. ஸ்டூடன்ட் விசாவில் சுயதொழில் செய்யக்கூடாது. டெலிவரி ஆப்கள் பெரும்பாலும் உங்களைச் சுயதொழில் செய்பவராகத்தான் எடுக்கின்றன. யூனிவர்சிட்டியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் போய்ப் பேசுங்கள்.

லைசென்ஸ் வழி நீளமானதுதான், கஷ்டமானது அல்ல. ஆன்லைனில் 34 பவுண்ட் கட்டிப் புரொவிஷனல் (பழகுநர் லைசென்ஸ்) எடுங்கள். தியரி தேர்வுக்கு 23 பவுண்ட். 50 கேள்வியில் 43 சரியாக இருக்க வேண்டும், ஆபத்தைக் கண்டுபிடிக்கும் வீடியோப் பகுதியில் 75க்கு 44. நம் ஊரில் பத்து வருடம் ஓட்டியவர்களும் பிராக்டிகலில் தோற்பதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கண்ணாடி பார்க்காததாலும், ரவுண்டபவுட்டில் வலதுபக்கம் வருகிறவருக்கு வழி விடாததாலும்தான். நாலு கிளாஸாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

2014 டீசல் கார், வீடு ஹாரோவில். பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் கடைக்கும் மட்டும்தான். யூலெஸ் (அதிகப் புகை விடும் வண்டிகளுக்கு லண்டனில் வாங்கும் கட்டணம்) கட்ட வேண்டுமா? போதாததற்கு டாஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கும் எரிகிறது.

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: அந்த வண்டி உங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை.

ஆகஸ்ட் 29, 2023 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் (நகராட்சிப் பகுதிகள்) யூலெஸ்ஸுக்குள் வந்துவிட்டன. டீசல் வண்டி யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இருக்க வேண்டும், அது பொதுவாக செப்டம்பர் 2015க்குப் பிறகு வந்தவை. லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் நம்பரைப் போட்டு உறுதி செய்யுங்கள். சில கார்கள் முன்பே அந்தத் தரத்தில் வந்திருக்கின்றன. தேறவில்லை என்றால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட். நாள் கணக்கு நள்ளிரவில் மாறும். ராத்திரி ஷிப்ட் முடிந்து 11 மணிக்குக் கிளம்பி 12.15க்கு வீடு வந்தால் இரண்டு நாள் கட்டணம். நிறுத்தி வைத்தால் கட்டணம் இல்லை.

டிபிஎஃப் என்பது டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி. அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யக் கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடினால் கரி சேர்ந்துகொண்டே போகும். விளக்கு இப்போதுதான் வந்தது என்றால் மோட்டார்வேயில் 20 நிமிடம் நிதானமாக ஓட்டிப் பாருங்கள். பல சமயம் அணைந்துவிடும். வடிகட்டியை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எம்ஓடியில் ஃபெயில். பெட்ரோல் வண்டி 2006க்குப் பிறகு வந்ததாக இருந்தால் பெரும்பாலும் யூலெஸ் கட்டத் தேவையில்லை. மாற்றிவிடுங்கள்.

சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்கில் ஐந்து மணி நேரம் நின்றதாக 100 பவுண்ட் கேட்டுக் கடிதம். நான் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை போனேன், இரண்டும் அரை மணி நேரம்கூட இல்லை. தனியார் கடிதம்தானே, குப்பையில் போடு என்கிறார் மச்சான். (ஸ்லவ்)

மச்சான் சொல்வது பழைய காலத்துப் பேச்சு. 2012ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓட்டியவர் யார் என்று சொல்லாவிட்டால் வண்டியின் பதிவுதாரரிடமே அந்தப் பணத்தைக் கேட்கலாம். 2015இல் உச்ச நீதிமன்றம் 85 பவுண்ட் தனியார் கட்டணம் ஒன்று செல்லும் என்று தீர்ப்பளித்தது. குப்பையில் போட்டால் கவுன்ட்டி கோர்ட் வரை வரும்.

உங்கள் விஷயத்தில் நடந்தது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. கேமரா உங்கள் முதல் நுழைவையும் கடைசி வெளியேற்றத்தையும் மட்டும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறது. நடுவில் வெளியே போனதைத் தவறவிட்டுவிட்டது. இது அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டு ரசீதையும், ஃபோனில் இருக்கும் இடப் பதிவையும் சேர்த்து 28 நாளுக்குள் முறையீடு செய்யுங்கள். கடை மேனேஜரிடமும் போய்க் கேளுங்கள், அவர் சொல்லி ரத்தானதை நானே பார்த்திருக்கிறேன். மறுத்தால் போப்லா மாதிரி சுயேச்சையான அமைப்புக்குப் போகலாம், எங்கே போவது என்று மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும்.

இன்னொன்று, வீடு மாறினால் லாக்புக்கில் விலாசத்தை மாற்றுங்கள். இலவசம். கடிதம் எல்லாம் பழைய வீட்டுக்குப் போய், கோர்ட் தீர்ப்பு ஆனபிறகு வீட்டுக்கடன் கேட்கும்போதுதான் விஷயம் தெரிந்த குடும்பங்கள் உண்டு.

மகளுக்கு 19 வயது. அவள் பெயரில் இன்சூரன்ஸ் விலை தாங்கவில்லை. என்னை முதல் ஓட்டுநராகப் போட்டு அவளைச் சேர்க்கலாமா? (லூட்டன்)

வண்டியை அவள்தான் ஓட்டப் போகிறாள் என்றால் கூடாது. இதற்குப் பெயர் ஃபிரன்டிங். சட்டப்படி மோசடி. கிளெய்ம் வரும்போது பாலிசியை ரத்து செய்வார்கள். ஒரு முறை ரத்தானால் அதற்கப்புறம் ஒவ்வொரு இன்சூரன்ஸ் படிவத்திலும் அந்தக் கேள்வி அவளைத் துரத்தும். தலைகீழாகச் செய்யுங்கள்: பாலிசி அவள் பெயரில், அனுபவசாலியான நீங்கள் கூடுதல் ஓட்டுநர். பல சமயம் விலை இறங்கும். சின்ன என்ஜின், ஓட்டும் விதத்தைப் பதிவு செய்யும் பிளாக் பாக்ஸ், மூன்று நான்கு வாரம் முன்னதாகவே விலை பார்ப்பது, இவை எல்லாம் உதவும். தேர்ட் பார்ட்டிதான் மலிவு என்று நினைக்காதீர்கள், நம் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்துத் தரும் காம்ப்ரிஹென்சிவ் சில நேரம் அதைவிடக் குறைவாக வரும்.

காலையில் கண்ணாடியில் பனி உறைந்திருக்கிறது. வெந்நீர் ஊற்றலாமா?

கூடாது. கல் பட்ட சின்ன வடு இருந்தாலும் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். டீ-ஐசரும் சுரண்டியும் போதும். என்ஜினை ஓடவிட்டு உள்ளே போய் டீ குடிக்காதீர்கள். பொது ரோட்டில் அது குற்றம். சாவியோடு திருட்டுப் போனால் இன்சூரன்ஸ்காரர்கள் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள்.

அப்பாவுக்கு 72 வயது, சர்க்கரைக்கு ஆறு மாதமாக இன்சுலின் போடுகிறார். நன்றாகத்தான் ஓட்டுகிறார். நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை. (மில்டன் கீன்ஸ்)

உடனே நிறுத்தச் சொல்லத் தேவையில்லை அம்மா. ஆனால் லைசென்ஸ் வழங்கும் அரசு நிறுவனமான டிவிஎல்ஏவுக்குச் சொல்லியாக வேண்டும். இன்சுலின் போடுபவர் மறைத்தால் 1,000 பவுண்ட் வரை அபராதம் உண்டு. சொன்னால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை, குறுகிய காலத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். 70 வயதில் எப்படியும் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, இலவசமாக. அவர் புதுப்பித்தாரா என்று அட்டையைப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் சர்க்கரை பார்க்க வேண்டும், நீண்ட பயணத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை. அளவு 5க்குக் கீழே (இங்கே கணக்கு மில்லிமோலில்) இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வண்டியில் ஒரு பாக்கெட் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு ஒரு நடை போங்கள். 20 மீட்டர், அதாவது ஐந்து கார் நீளம் தள்ளி நிற்கும் ஒரு நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம். சட்டம் முதலில் கேட்கும் பார்வை அதுதான். படிக்கத் தடுமாறினால், கண் டாக்டரைப் பார்க்கும் வரை சாவி உங்கள் கைப்பையில் இருக்கட்டும். அந்த நாட்களில் அவரை எங்கே கூட்டிப்போக வேண்டுமோ, நீங்களே ஓட்டிக்கொண்டு போங்கள்.