குண்டும் குழியும் – கடிதம்

வணக்கம் சார்,

நாங்கள் பெங்களூருவில் இருக்கிறோம். சென்ற வாரம் உங்கள் பயணக் கட்டுரை ஒன்றை ஆறாவது படிக்கும் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். 'சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தது' என்ற இடத்தில் நிறுத்திவிட்டான். "யாரும்மா குண்டு போட்டாங்க?" என்றான். குண்டு என்றால் மேடு, குழி என்றால் பள்ளம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் விடவில்லை. செல்போனில் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தான். சாலை முழுக்க வெடிகுண்டு என்கிற மாதிரி ஏதோ வந்தது. இதற்கு நடுவில் என் கணவர், "எங்க ஆபீஸ்ல வெள்ளிக்கிழமையானா 'குண்டு ஹாக்கோணா'ன்னுதான் கூப்பிடறாங்க" என்று சிரிக்கிறார். இதெல்லாம் ஒரே சொல்தானா? நான் மேடு என்று சொன்னது சரியா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள வாசகிக்கு,

மேடு என்றது தவறு. ஆனால் அந்தத் தவறில் உங்களுக்குத் துணை அதிகம். நானே வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். குழி என்று ஒன்று வந்ததும், பக்கத்தில் இருப்பது மேடாகத்தான் இருக்கும் என்று மனசு தானாக முடிவுகட்டிவிடுகிறது. இந்தக் குண்டும் குழிதான். பள்ளம், ஆழம் என்று பொருள். சண்டை சச்சரவு, பேரும் புகழும் என்று ஒரே பொருளை இரண்டு தடவை சொல்கிறோமே, அந்த வகை.

புறநானூற்றின் 37ஆம் பாட்டில் மாறோக்கத்து நப்பசலையார், கிள்ளிவளவன் அழித்த கோட்டையைச் சொல்லும்போது 'கராஅம் கலித்த குண்டுகண் அகழி' என்கிறார். கராம் என்றால் முதலை. முதலைகள் பெருகிக் கிடக்கும் ஆழமான அகழி. வெடிமருந்து என்ற ஒன்றையே யாரும் கண்டிராத காலம் அது. ஆழம் என்ற அந்தப் பொருள் அப்புறம் பேச்சில் தேய்ந்துபோய், நம் சாலைகளின் புண்ணியத்தில் இந்த ஒரு தொடரில் மட்டும் உயிரோடு இருக்கிறது. மலையாளத்திலும் 'குண்டும் குழியும்' உண்டு. உங்கள் ஊரிலோ தினமும் காதில் விழும். சாலைப் பள்ளத்துக்குக் கன்னடத்தில் 'ரஸ்தே குண்டி'. புதிதாக அங்கே போகிற தமிழர்கள் ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். உங்கள் மகனிடம் அதைச் சொல்லலாமா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, ஆயுதத்துக்கு வருவோம். அந்தக் குண்டுக்கு உருண்டை என்று பொருள். கோலிக்குண்டு, குண்டுமல்லி, குண்டு பல்பு, தலை உருண்டையாக இருப்பதால் குண்டூசி, எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். (குண்டுமணி மட்டும் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. அது குன்றிமணி திரிந்தது.) பீரங்கிக்குள் போட்டது உருண்டைக் கல்லும் உருண்டை இரும்பும். பழைய துப்பாக்கியில் போட்டது ஈய உருண்டை. அதனால் ஆயுதமும் குண்டாயிற்று. இன்றைய துப்பாக்கிக் குண்டு நீளமாக, முனை கூராக இருக்கிறது. உருவம் மாறியும் பெயர் மாறவில்லை.

செயலியைத் திட்டாதீர்கள். குண்டு என்ற பெயர்ச்சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாது. வினைச்சொல்தான் காட்டிக்கொடுக்கும். குண்டு பாய்ந்தால் துப்பாக்கி. குண்டு வெடித்தால் வெடிகுண்டு. போட்டால் விமானம். குண்டு வைத்தான் என்றால் மறைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எறிந்தால் பள்ளி விளையாட்டு விழா. தூக்கிப் போட்டால் கெட்ட செய்தி. "சம்பளம் அடுத்த மாசம்தான்" என்று மேனேஜர் குண்டைத் தூக்கிப் போட்டார் என்கிறோம். வெறுமே 'போட்டார்' என்றால் ஆள் விமானப் படை ஆகிவிடுவார். அந்தத் 'தூக்கி'யில்தான் விஷயம் இருக்கிறது. பள்ளியில் ஒருமுறை என்னைக் குண்டு எறிதலுக்கு நிறுத்தினார்கள். பெரிய ஆண்கள் எறிவது 7.26 கிலோ. எங்களுக்குக் கொடுத்தது அதைவிடச் சின்னதுதான். தோளில் ஏற்றி, கழுத்தோடு அணைத்து, மூச்சைப் பிடித்து எறிந்தேன். என் கால் கட்டைவிரலுக்கு அரையடி தள்ளி விழுந்தது. தூக்கிப் போடுவது என்றால் என்ன என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

செய்தித்தாளில் இன்னொன்று வரும். 'போராட்டக்காரர்களைப் போலீஸார் குண்டுக்கட்டாகத் தூக்கிச் சென்றனர்.' இங்கே ஆயுதம் எதுவும் கிடையாது. கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் பிடித்துத் தூக்க, நடுவில் அந்த மனிதர் மூட்டை மாதிரி உருண்டு தொங்குவார். படத்தைப் பார்த்தால் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்கவே தோன்றாது.

'குண்டாஸ்' வேறு கதை. தமிழ்நாட்டின் 1982ஆம் வருடச் சட்டம் ஒன்றின் நீண்ட பெயரில் கள்ளச்சாராயக்காரர், வனக் குற்றவாளி என்று வரிசையாக வரும் பட்டியலில் குண்டரும் ஒருவர். விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். பின்னால் திருட்டு வீடியோ எடுப்பவர்களையும் இந்தச் சட்டத்தில் சேர்த்தார்கள். மக்கள் வாயில் எல்லாருமே குண்டாஸ்தான். சட்டத்துக்கு அந்தச் சொல் இந்தியிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்தது. ஆனால் நமக்குக் 'குண்டன்' புதியவன் இல்லை. ஏழாம் நூற்றாண்டிலேயே அப்பர், தாம் சமணராக இருந்த நாட்களை நொந்துகொண்டு 'குண்டனாய்ச் சமணரோடே கூடி' என்று தம்மைத்தாமே திட்டிக்கொள்கிறார்.

கடைசியாக உங்கள் கணவரின் குண்டு. கன்னடப் பேச்சுவழக்கில் குண்டு என்றால் மது. 'ஹாக்கோணா' என்றால் 'போடலாம்'. நாம் 'ரெண்டு பெக் போடலாமா' என்கிறோமே, அதே போடுதான். இதே சொல் தெலுங்கில் மொட்டைத் தலைக்கு ஆகும். திருப்பதி போனவர்களுக்குத் தெரியும். ஆக, வெள்ளிக்கிழமை அழைப்பைக் கேட்டு உங்கள் மகன் போலீஸுக்குப் போன் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கணவரை மட்டும் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போய்வரச் சொல்லுங்கள். வழியெல்லாம் ரஸ்தே குண்டி.