கவிழ்த்துப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்: கொரியப் பழம்பொருள் கேள்வி–பதில்

கேள்வி: ‘12-ஆம் நூற்றாண்டு, கோரியோ காலத்துச் செலடான் கிண்ணம்’ என்று ஒரு ஏலப் பட்டியலில் இருக்கிறது. வாங்கும் முன் என்னென்ன படங்கள் கேட்க வேண்டும்?

பதில்: முதலில் அடிப்பாகத்தின் படம், பிறகுதான் மற்றவை. செலடான் என்பது பச்சைக் கண்ணாடிப் பூச்சிட்ட பாண்டம். கொரியாவின் கோரியோ அரசர் காலத்து உயர்தரப் பாத்திரங்களின் அடிவளையத்துக்கும் அந்தப் பூச்சு உண்டு. பூச்சு உருகிச் சூளைத் தளத்தில் ஒட்டிவிடாமல் இருக்க, சின்னஞ்சிறு படிகக்கல் துண்டுகளின் மேல் வைத்துச் சுட்டார்கள். அந்தத் தடம் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வெள்ளைப் புள்ளிகளாக, எள் அளவில் அடியில் நிற்கும். பிற்காலத்தில் தரம் இறங்கியபோது மணலும் களிமண் உருண்டையும் அந்த இடத்துக்கு வந்தன. அதனால் தடம் பருமனாக இருந்தால் போலி என்று ஒதுக்காதீர்கள். பட்டியலில் சொன்ன காலத்தோடு பொருந்துகிறதா என்று மட்டும் கேளுங்கள்.

பதிப்பு வேலை (சாங்காம்) இருந்தால் கோடுகளை நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாதி காய்ந்த மண்ணில் கீறி, வெள்ளை மண்ணையும், சுட்டால் கறுக்கும் இரும்பு மண்ணையும் அடைத்துச் சுரண்டி, அதன் மேல்தான் பூச்சு போடுவார்கள். ஆகவே சித்திரம் பூச்சுக்குக் கீழே கிடக்கும். விரலுக்கு மேடு தட்டினால் அது மேலே தீட்டியது.

கையில் கிடைத்தால் 10 மடங்கு லென்ஸில் தேய்மானத்தைப் பாருங்கள். பல காலம் புழங்கிய கீறல்கள் திசையில்லாமல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ஒரே திசையில் வரிசையாக ஓடினால் உப்புத்தாள் வேலை. பள்ளத்தில் அப்பியிருக்கும் மண் ஈரப் பஞ்சில் கரையாமல் பிசின் போலப் பிடித்துக்கொண்டால் அதையும் சந்தேகியுங்கள்.

கேள்வி: கோரியோவுக்குப் பின் வந்த ஜொசோன் அரசர் காலத்து வெள்ளை நிலா ஜாடி (முழுநிலா போல் உருண்ட ஜாடி) ஒன்று ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. இது குறையா?

பதில்: குறை இல்லை. 40 செ.மீ.க்கு மேல் உயரமுள்ள உருண்டையை ஒரே மூச்சில் சக்கரத்தில் ஏற்றினால் ஈர மண் பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிடும். அதனால் இரண்டு பெரிய கிண்ணங்களை வனைந்து வாயோடு வாய் வைத்து ஒட்டினார்கள். அந்த ஒட்டு சூளையில் சற்று நெகிழ்ந்ததுதான் இந்தச் சரிவு. உள்ளே கையை விட்டு நடுவயிற்றைத் தடவினால் ஒட்டுவரம்பு தட்டுப்படும். ஆனால் சரிவை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். இன்றைய குயவர்களும் இதே முறையில்தான் செய்கிறார்கள். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். பழுதுபார்த்துச் சாயம் பூசிய இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும்.

கேள்வி: பண்டாஜிப் பெட்டி வாங்க ஆசை. பழையதா, பழைய மரத்தில் புதிதாகச் செய்ததா என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: முன்பலகையின் மேல்பாதி மட்டும் கீழ்நோக்கித் திறக்கும் பெட்டி இது. பழைய மரம் எளிதில் கிடைப்பதால் மரத்தின் வயதை வைத்துப் பெட்டியின் வயதைச் சொல்ல முடியாது. உலோகத்தகடுகளையும் அவற்றின் ஆணிகளையும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கதவைத் திறந்து உள்பக்கம் வெளிச்சம் அடியுங்கள். கைப்பிடி வளையத்தைப் பிடிக்கும் இரட்டைக்கால் ஆணி பலகையைத் துளைத்து உள்ளே வந்து, இரு கால்களும் விரிந்து மடிந்திருக்க வேண்டும். மடிந்த முனை மரத்தில் பதிந்து, சுற்றிலும் இரும்புக் கறை ஊறியிருப்பது நல்ல அறிகுறி. திருகாணி இருந்தால் அந்தத் தகடு பிற்காலத்தது. பக்கத்தில் மெழுகோ மரத்தூளோ அடைத்த வெற்றுத் துளைகள் இருந்தால் தகடுகளை மாற்றியிருக்கிறார்கள். தகட்டு விளிம்பை ஒட்டி வேறு வடிவத்தில் நிழல் படிந்திருந்தாலும் அதே கதைதான்.

உள்ளே ஒட்டிய ஹன்ஜி என்னும் கொரியக் கைக்காகிதம், பழைய செய்தித்தாள் எதையும் வயதுச் சான்றாகக் கொள்ளாதீர்கள். காகிதம் இடையிடையே மாற்றப்படுவது. புதுக்காகிதம் ஆணி முனைகளை மறைத்திருந்தால் ஒரு மூலையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடலாம்.

கீழேயுள்ள கால்சட்டம் புதியதாக இருக்கலாம். தரை ஈரத்தில் முதலில் உளுத்துப்போவது அதுதான். விற்பவர் மறைக்காமல் சொல்லி, விலையிலும் குறைத்தால் தாராளமாக வாங்கலாம்.

நோங் என்னும் அடுக்கு அலமாரி வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது தனித்தனி அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது. வெவ்வேறு வீட்டு அடுக்குகளைச் சேர்த்து ஒரு ஜோடியாக விற்பதுண்டு. பக்கப் பலகையின் கனம், மரவரி, தகட்டு வேலை மூன்றும் இரண்டு அடுக்கிலும் ஒத்துவர வேண்டும்.

கேள்வி: அலமாரிப் பலகையில் விரிசல் விழுகிறது. ஒட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். குளிர்காலத்தில் ஒண்டோல் தரைச்சூடு, கோடையில் ஈரக்காற்று என்று இரண்டையும் தாங்க, பலகையைச் சட்டத்தின் காடியில் பசையில்லாமல் நுழைத்துவிடுவார்கள். அது சுருங்கி விரிய இடம் வேண்டும். பசை வைத்து இறுக்கினால் அடுத்த வறட்சியில் வேறு இடத்தில் பிளக்கும். காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வையுங்கள். ஏசி காற்று நேரே படும் இடத்திலிருந்து நகர்த்துங்கள். தகடுகளுக்கு உலர்ந்த துணி போதும். பாலிஷ் போட்டால் பல தலைமுறை நிறம் ஒரே நாளில் போய்விடும்.

கேள்வி: தென்கொரியத் தலைநகர் சோலில் வாங்கினால் கொண்டுவர முடியுமா?

பதில்: எல்லாவற்றையும் முடியாது. பழம்பொருள் வெளியேற்றத்துக்கு 1962 முதலே அங்கே சட்டக் கட்டுப்பாடு உண்டு. கட்டுப்பாட்டில் வராத பொருள் என்றால், விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் உள்ள மரபுப்பொருள் மதிப்பீட்டு அலுவலகத்தில் காட்டி உறுதிச் சான்று வாங்குங்கள். நல்ல நகலுக்கும் அது தேவைப்படலாம், சோதனையில் நிறுத்திவிடுவார்கள். பணம் கட்டும் முன்பே விற்பவரிடம் இதைக் கேட்டு, சான்று கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.