மஹரகமவில் தாய், லயத்தில் பிள்ளைகள்: உதவியை ஒழுங்குபடுத்துவது எப்படி?

வாசகர் கேள்வி: பொகவந்தலாவைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியை. எங்கள் டிவிசனைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டறிந்து, இரண்டு மாதங்களாக மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை அளிக்கிறார்கள். தாய் அவனுடன் இருக்கிறார். தகப்பன் தோட்டத்தில் வேலை செய்கிறார். அவனுடைய அக்காவும் தம்பியும் அப்பாயியின் (தகப்பனின் தாய்) பொறுப்பில் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறார்கள். முதல் வாரத்தில் ஒரே நாளில் நான்கு வீட்டிலிருந்து சோறு வந்தது. இப்போது சில நாட்களில் அடுப்பே எரிவதில்லை. இளைஞர்கள் பிள்ளையின் படத்தைப் போட்டுப் பணம் சேர்த்தார்கள். எவ்வளவு சேர்ந்தது என்று இப்போது ஆளுக்கொரு கதை பேசுகிறார்கள். அடுத்த மாதம் பிள்ளையை இடைக்கிடை வீட்டுக்கு அனுப்புவார்களாம். எல்லோருக்கும் மனம் இருக்கிறது, ஒழுங்குதான் இல்லை. நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் தோட்டத்து மக்களின் மனதில் குறையில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை என்றே நானும் நம்புகிறேன். முதல் வாரத்தில் நான்கு வீட்டுச் சோறு வந்ததும், பிறகு அடுப்பு எரியாமற்போனதும் ஒரே காரணத்தால்தான்: இந்த நோயின் சிகிச்சை எவ்வளவு காலம் நீளும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிக அதிகமாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். அதிலும் பெரும்பான்மையானது அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா எனப்படும் வகை. உங்கள் மாணவனுக்கு வந்திருப்பது இந்த வகையாக இருந்தால், முதல் பல மாதங்கள் கடுமையான சிகிச்சையும், அதன் பிறகு வீட்டிலிருந்தபடியே மாத்திரை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய்வரும் காலமுமாக மொத்தம் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை செல்லும். ஆகவே தோட்டத்தில் முதலில் தெரியப்படுத்த வேண்டியது இந்தக் கால அளவைத்தான். ஒரு மாதத்துக்கு நாள்தோறும் சோறு கொடுக்கக்கூடியவரைவிட, இரண்டு ஆண்டுகளுக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் கொடுக்கக்கூடியவர்தான் இந்தக் குடும்பத்துக்கு அதிகம் தேவைப்படுகிறார்.

சாவு வீட்டில் நம் மக்களுக்கு யாரும் ஒழுங்கு கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. குழி வெட்டுவது யார், தூரத்து உறவினருக்குச் சொல்லப்போவது யார், மூன்று நாளும் சமைப்பது யார் என்பதெல்லாம் மரண உதவிச் சங்கத்தில் ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிடும். அதே திறமை இங்கேயும் உதவும். ஆனால் அந்தச் சங்கத்தின் பெயரிலோ அதன் கொப்பியிலோ இந்த வேலையை நடத்தாதீர்கள். உயிருக்குப் போராடும் பிள்ளையின் தாய் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒருங்கிணைக்க ஒரே ஒருவர் இருக்க வேண்டும். அவருக்குத் துணையாக இன்னொருவர். அந்த ஒருவர் தாயாக இருக்கக் கூடாது, தகப்பனாகவும் இருக்கக் கூடாது. இப்போது நடப்பது என்னவென்று நினைத்துப் பாருங்கள்: உதவ நினைக்கும் ஒவ்வொருவரும் வாட்டில் இருக்கும் தாய்க்குத் தொலைபேசி எடுத்து “என்ன வேணும்?” என்று கேட்கிறார்கள், அவரும் ஒவ்வொருவருக்கும் நோயின் கதையை முதலிலிருந்து சொல்லி அழுகிறார். இனி அந்த அழைப்புகள் உங்களுக்கு வரட்டும். நீங்கள் மட்டும் இரண்டு நாளைக்கு ஒரு முறை தாயுடன் பேசி, அவர் சொல்ல அனுமதிப்பதை மட்டும் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். துணைக்கு, அதே லயத்தில் வசிக்கும், அப்பாயியோடு இயல்பாகப் பழகும் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கங்கள் இருந்தால், பொறுப்பை எந்தத் தலைவரிடமும் கொடுக்காதீர்கள். ஒருவரிடம் கொடுத்தால் மற்றச் சங்கத்தார் ஒதுங்கிக்கொள்வார்கள். தலைவர்கள் இருவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை வேறொன்று இருக்கிறது. தாயும் தோட்டத்தில் வேலை செய்பவரானால் அவருடைய நீண்ட விடுப்பையும், தகப்பன் கிளினிக் நாட்களில் வேலைக்கு வராததையும் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்து, தாயின் பெயர் பதிவிலிருந்து விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு வைத்தியசாலையின் கடிதம் தேவைப்படும்; தாயிடம் இப்போதே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

எதைச் செய்வதானாலும் குடும்பத்தைக் கேட்டே செய்யுங்கள். தகப்பன் காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய்ப் பேர் போட முடிவதுதான் இந்த வீட்டுக்குப் பெரிய உதவி என்பது என் கணிப்பு. அவருக்கு ஒரு நாள் பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. அப்படியானால் காலை ஆறு மணிக்கு அந்த இரண்டு பிள்ளைகளையும் எழுப்பி, தலை வாரி, பாடசாலைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் (சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டக் காப்பகம்) அனுப்ப ஒருவர் வருவது நான்கு வீட்டுச் சோற்றைவிடப் பயனுள்ளது. விறகு, தண்ணீர், அப்பாயியின் கிளினிக் நாள், அவருடைய மாத்திரை ஆகியவை யாருடைய கண்ணிலும் படுவதில்லை. யார் எந்த நாளில் எதைச் செய்வார் என்று எழுத இதற்கென்றே ஒரு கொப்பி வைத்து, அவற்றையும் அதில் எழுதுங்கள்.

மஹரகமவில் செய்ய வேண்டியதற்கும் உங்கள் தோட்டத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்யும் உங்கள் தோட்டத்து இளைஞர்களைச் சொல்கிறேன். அவர்களுக்குச் சிங்களம் தெரியும், பஸ் தெரியும், விடுமுறை நாளும் உண்டு. தாய்க்குப் பதிலாகச் சில மணி நேரம் வெளிவேலைகளைப் பார்ப்பது, உடுப்புக் கொண்டுபோய்க் கொடுப்பது, வைத்தியர் சொன்னதைத் தமிழில் விளங்கப்படுத்துவது, இரத்த வங்கியில் இரத்தம் கொடுப்பது ஆகியவற்றை அவர்கள் செய்யலாம். இந்த நோயில் சிவப்பணுவும், இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டும் அடிக்கடி ஏற்ற வேண்டியிருக்கும். நம் நாட்டில் 18 முதல் 60 வயது வரையான ஆரோக்கியமானவர்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை இரத்தம் கொடுக்கலாம். தோட்டத்துப் பெண்களில் பலருக்கு ஏற்கெனவே இரத்தச் சோகை இருப்பதால் அவர்களை வற்புறுத்த வேண்டாம். ஹட்டனிலிருந்து போகிறவர்கள் அவிசாவளையில் இறங்கி ஹைலெவல் வீதி பஸ்ஸில் ஏறினால் மஹரகமவுக்கே போய்விடலாம். கோட்டைக்குப் போய்த் திரும்ப வேண்டியதில்லை. குழந்தைகளும் பெற்றோரும் தங்குவதற்கு இந்திரா புற்றுநோய் அறக்கட்டளை மஹரகமவில் நடத்தும் ‘சுவ அரண’ நிலையத்தைப் பற்றியும் வாட்டுத் தாதியரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

இனி நான் எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தில் மிக முக்கியமான பகுதி. பிள்ளை வீட்டுக்கு வரும் நாட்களில் அவனுக்குப் பெரிய ஆபத்து காய்ச்சல். மருந்தின் காரணமாக அவன் உடலில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் நேரத்தில் கிருமி தொற்றினால், வெளியில் காய்ச்சலைத் தவிர வேறு அறிகுறி எதுவும் தெரியாமலேயே சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், அல்லது பிள்ளைக்கு நடுக்கம் வந்தால், பரசிட்டமோல் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்ப்போம் என்று இருக்கவே கூடாது. டிஸ்பென்சரிக்குப் போய்க் காத்திருக்கவும் கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எந்த வைத்தியசாலைக்கு என்பதை மஹரகம வைத்தியர்களிடமே முன்கூட்டிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலையா, நாவலப்பிட்டியா, நுவரெலியாவா என்று நள்ளிரவில் யோசிக்க முடியாது. பிள்ளைக்கு என்ன நோய், என்ன மருந்து போகிறது, காய்ச்சல் வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று மஹரகமவில் எழுதித் தரும் கடிதம் கிளினிக் கொப்பியோடு ஒரே பையில் கதவருகே தொங்கட்டும். வெப்பமானி ஒன்றை வாங்கிக் கொடுத்து, அதைப் பார்க்க அப்பாயிக்கு அல்ல, அக்காவுக்கும் பக்கத்து அறைக்காரருக்கும் பழக்குங்கள்.

வாகனத்தை எப்படி ஏற்பாடு செய்வது? 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். எல்லா மாகாணங்களிலும் இயங்குகிறது. ஆனால் உங்கள் லயத்து வாசல் வரை அம்புலன்ஸ் ஏறுமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். மழை நாளில் ஏறாது என்றால், பிரதான வீதி வரை பிள்ளையைக் கொண்டுவரும் ஓட்டோக்காரர் யார், அவர் இல்லாத இரவில் யார், இருவருமே இல்லாவிட்டால் தோட்ட லொறியைத் திறந்துவிடும் அனுமதி யாரிடம் என்பதை, பிள்ளை வீட்டுக்கு வரும் முன்பே முகாமையாளரிடம் போய்ப் பேசி முடியுங்கள். அந்த மூன்று தொலைபேசி இலக்கங்களும் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

அம்மை பற்றியும் சொல்ல வேண்டும். கொப்புளிப்பானும் சின்னமுத்தும் இந்தப் பிள்ளைக்கு மிகக் கொடியவை. நம் லயங்களில் அம்மை கண்டால் வேப்பிலை செருகி, மஞ்சள் தண்ணீர் வைத்து, வெளியில் பேசாமல் இருப்பது வழக்கம். அந்த நம்பிக்கையை யாரும் குறை சொல்ல வேண்டாம். வேப்பிலை கட்டிய வீட்டார் அன்றே உங்களுக்கு ஒரு சொல் சொல்லி அனுப்ப வேண்டும் என்று மட்டும் கோவில் கமிட்டியின் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வீட்டுப் பிள்ளையோடு நம் பிள்ளை விளையாடியிருந்தால், அன்றே மஹரகமவுக்குத் தெரிவிக்க வேண்டும். நோய் வெளிப்படும் முன்பே தடுப்பு மருந்து கொடுக்க வழி உண்டு, ஆனால் அதற்குக் கிடைக்கும் காலம் சில நாட்கள் மட்டுமே. இருமலோ தடிமலோ இருப்பவர்கள் பார்க்க வர வேண்டாம். கொதித்தாறிய தண்ணீரும், அன்றன்று சமைத்த சூடான சாப்பாடும்தான் அவனுக்கு. கடையில் வாங்கிய வடையும் ஐஸ்கிரீமும் அன்பினால் கொடுத்தாலும் வேண்டாம்.

மாத்திரைக் காலம் தொடங்கியதும் இன்னொரு கவனம் தேவை. மெர்காப்டோபியூரின் வழக்கமாக நாள்தோறும் கொடுப்பது. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு முறை மட்டும் கொடுப்பது. வாரத்துக்குரியதைத் தவறுதலாக நாள்தோறும் கொடுத்தால் உயிராபத்து. நாட்காட்டியில் அந்தக் கிழமையைச் சிவப்பில் வட்டமிட்டு, கொடுத்ததும் கோடு போடச் சொல்லுங்கள். நாட்டு மருந்து கொடுக்க நினைப்பவர்கள் இருப்பார்கள்; வைத்தியரிடம் கேட்காமல் எதையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். நேர்த்திக்கடனும் பூசையும் தாராளமாக நடக்கட்டும்.

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதுவரை சேர்ந்ததை இளைஞர்கள் மூவர் முன்னிலையில் எண்ணி, எழுதி, முதலில் பெற்றோரிடம் காட்டட்டும். இனிச் சேர்வது இருவர் கையெழுத்தில் வங்கியில் இருக்கட்டும். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. செலவாவது பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும், வெளியில் வாங்கவோ எடுக்கவோ சொல்லும் சில மருந்துகளுக்கும் பரிசோதனைகளுக்கும்தான். இதைத் தெளிவாகச் சொன்னாலே பாதிக் கதைகள் நின்றுவிடும். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியலில் குடும்பம் இருக்கிறதா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஊழியர் சேமலாப நிதி கட்டியவர்கள், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மருத்துவத்துக்காக அதில் 30 வீதம் வரை முன்கூட்டியே பெறலாம். ஆனால் அது அவர்களுடைய முதுமைக் காலத்துக் காசு, வேறு வழி இருக்கும்போது தொட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பிள்ளையின் படத்தை மட்டும் உடனே எடுக்கச் சொல்லுங்கள். முடி கொட்டிய தலையோடு ஊர் முழுக்கச் சுற்றும் அந்தப் படத்துக்கு அவன் சம்மதித்ததில்லை. அவன் பிழைத்து, வளர்ந்து, பதினாறு வயதில் அதைப் பார்க்கப் போகிறவன்.

வகுப்பில் இருக்கும் அக்காவிடம் உண்மையைச் சொல்லுங்கள். உடன்பிறந்த பிள்ளைகள் பலர், தாங்கள் அடித்ததாலோ திட்டியதாலோதான் நோய் வந்தது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது யாருடைய தவறாலும் வந்ததல்ல, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்று அவளுக்கும் வகுப்புக்கும் தெளிவாகச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் அவளைப் பற்றி மட்டும் அவளிடம் விசாரியுங்கள். நோயுற்ற தம்பியைப் பற்றி அன்று கேட்காதீர்கள்.

கடைசியாக, பெற்றோர் ஒரு கட்டத்தில் களைத்துப்போய் “இனிப் போகல்ல” என்று சொல்லக்கூடும். முடி திரும்ப முளைத்து, பிள்ளை ஓடி விளையாடும்போதுதான் இது பெரும்பாலும் நடக்கும். நோய் போய்விட்டது என்றே தோன்றும். வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் 80 வீதத்துக்கும் அதிகமானோர் குணமடைகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வசதி குறைந்த நாடுகளில் அந்த அளவு வெகுவாகக் குறைவதற்கு, சிகிச்சையை இடையில் விட்டுவிடுவதும் ஒரு முக்கிய காரணம். அப்போது திட்டாதீர்கள். பஸ் காசா, வேலையா, வீட்டில் யாரும் இல்லாததா, வாட்டில் யாரோ கடிந்து பேசியதா என்று கேளுங்கள். உங்கள் கொப்பியில் இருக்கும் யாராவது ஒருவரால் தீர்க்கக்கூடிய காரணமாகவே அது பெரும்பாலும் இருக்கும். சிகிச்சை பலன் தராத நிலை வந்தாலும் வைத்தியம் முடிந்துவிடுவதில்லை. வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் மருந்தையும் பராமரிப்பையும் கேட்டுப் பெறும் உரிமை குடும்பத்துக்கு உண்டு. அந்த நாட்களில்தான் உங்கள் ஒழுங்கு அவர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

இன்றே செய்ய வேண்டியது, தாயிடம் பேசி அவர் சம்மதத்தைப் பெறுவதும், அந்த மூன்று தொலைபேசி இலக்கங்களைத் தேடுவதும். கொப்பிக்கு இன்னொரு பிரதி எடுத்துத் துணைப் பெண்ணிடம் கொடுத்துவையுங்கள். ஆசிரியர்களுக்கு இடமாற்றம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பிள்ளையின் சிகிச்சை முடிவதற்குள் உங்களுக்கு வந்துவிட்டால், அடுத்தவர் எங்கிருந்து தொடர்வது என்பது அதில் எழுதியிருக்க வேண்டும்.