'கூடு காலி' என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள்

கேள்வி: வால்பாறை அருகே எங்கள் காப்பித் தோட்டத்தில் பொந்து விழுந்த பழைய மரம் ஒன்று நிற்கிறது. அந்தப் பொந்தில் 'பெரிய இருவாச்சி' என்ற பறவை கூடு வைத்திருக்கிறது. 'தாய்ப் பறவை வெளியே வந்துவிட்டது, கூடு காலி. மரமும் உளுத்துப்போச்சு, எப்போது வேண்டுமானாலும் விழும். அனுமதியை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார் மரத் தரகர். வெட்டலாமா?

பதில்: வெட்டாதீர்கள்.

தாய் வெளியே வந்தது உண்மையாகவே இருக்கலாம். அதனால் கூடு காலியாகிவிடாது. பெட்டை பொந்துக்குள் போனதும் எச்சத்தைப் பூசி வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு கீறல்தான் மிச்சம். ஆண், அத்தியும் இத்தியும் தொண்டையில் நிரப்பிக் கொண்டுவந்து, ஒவ்வொரு பழமாகக் கக்கி ஊட்டும். குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் பெட்டை வாசலை உடைத்து வெளியே வரும். குஞ்சு உள்ளிருந்தபடியே அதை மறுபடி அடைத்துக்கொண்டு, பறக்கத் தயாராகும்வரை அங்கேயே இருக்கும். வருகிற பறவைகளின் கண்ணைப் பாருங்கள். சிவப்பு என்றால் ஆண், வெள்ளை என்றால் பெட்டை. இரண்டும் மாறி மாறி அந்தக் கீறலில் அலகை நீட்டினால், உள்ளே குஞ்சு இருக்கிறது.

பெரிய இருவாச்சி, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. கூட்டைக் கலைத்தாலே சட்டப்படி அது வேட்டைதான்; 3 முதல் 7 ஆண்டுவரை சிறை. பட்டா நிலம் என்பதெல்லாம் எடுபடாது. 'பார்த்துக்கொள்கிறேன்' என்று தரகர் சொன்னாலும், நில உரிமையாளர் பெயரிலும் வழக்கு வரலாம். தோட்டத்தில் நிழலுக்கு நடும் வெளிநாட்டு மரமான சில்வர் ஓக்கை வெட்ட வாங்கிய அனுமதியைக் காட்டி நாட்டு மரத்தையும் சேர்த்து லாரியில் ஏற்றுகிற வேலை மலையில் புதிதல்ல. வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் தயவுசெய்து போடாதீர்கள்.

பொந்து விழுந்த மரம் விழுந்தே தீரும் என்பதும் வியாபாரப் பேச்சு. வெளிப்பக்கக் கட்டை உறுதியாக இருந்தால் அது இன்னும் பல ஆண்டுகள் நிற்கும். ஒரே ஒரு விலக்கு உண்டு: மரத்தடியில் ஆட்கள் குடியிருக்கும் லயன் வீடு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) இருந்து, மரம் அதன் பக்கம் சாய்ந்து, வேர்ப்பக்கம் மண் தூக்கியிருந்தால் பேச்சு வேறு. அப்போதும் கோடரியை எடுக்காதீர்கள். முதலில் அந்த வீட்டில் இருப்பவர்களை வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். அடிமரத்தைத் தேதியோடு படம் எடுத்து வனச்சரகருக்கு எழுதுங்கள். வீட்டுப் பக்கக் கிளைகளைக் கழித்தால் போதுமா என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் அதுவே போதும்.

வனத்துறையைக் கேட்டால் வருவாய்த் துறைக்குப் போ என்பார்கள், அங்கே போனால் இங்கே அனுப்புவார்கள். சாய்ந்த மரத்தை வந்து பார்க்கவே வாரக்கணக்கில் இழுத்தடித்தால் ஜனங்கள் தரகரிடம் போகாமல் என்ன செய்வார்கள்? இந்த அலைக்கழிப்பில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

சரி, குஞ்சு பறந்த பிறகு வெட்டலாமா என்றால், அப்போதும் வேண்டாம். இருவாச்சியால் சொந்தமாகப் பொந்து குடைய முடியாது. பெரும்பாலும் அதே பொந்துக்குத்தான் வருடா வருடம் திரும்பி வரும். தரகரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் இன்றே திருப்பிக் கொடுத்து, கொடுத்ததற்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.