கணக்கு பிடித்த பிள்ளைக்கு எதற்கு ஆறு லட்சம் கடன்?

போன சனிக்கிழமை சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கில் 91. இயற்பியலும் வேதியியலும் எழுபதுகளில் நின்றுவிட்டதால் கட்ஆஃப் இறங்கிவிட்டது. சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் தாய்மாமன், ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி, 20,000 முன்பணமும் கட்ட வைத்துவிட்டார். வருஷத்துக்கு ஒன்றரை லட்சம், கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும்.

“பிள்ளை பி.எஸ்சி மேத்ஸ்தான் வேணும்னு நிக்கிது சார். நாலு பேருகிட்ட எப்படிச் சொல்ல? கடைசில டீச்சர் வேலைக்குத்தான போகணும்?” என்றார் அப்பா. அம்மா பேசவே இல்லை.

கவலைப்படாதீர்கள் என்று ஐந்து நிமிடம் சொல்லிப் பார்த்தேன். பிறகு அந்தப் பெண்ணிடம் நோட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் சமாதானம் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

x-இன் வர்க்கத்துக்கு வகைக்கெழு, அதாவது அது மாறுகிற வேகம், 2x என்று பதினொன்றாம் வகுப்பிலேயே படித்திருக்கிறாள். ஆனால் 9, 16, 25, 36 என்று எழுதி அடுத்தடுத்துக் கழித்தால் 7, 9, 11 வருகிறது. அதாவது 2x+1. ‘அந்த 1 எங்கே போச்சு?’ என்று பென்சிலில் ஒரு கேள்வி. கீழே அவளே பதிலும் தேடியிருக்கிறாள். 3-லிருந்து ஒரு முழு எண் தள்ளிப் போகாமல் 0.1 மட்டும் தள்ளினால்? 3.1-இன் வர்க்கம் 9.61. அதில் 9-ஐக் கழித்து 0.1-ஆல் வகுத்தால் 6.1. அடுத்து 0.01 தள்ளியிருக்கிறாள், 6.01 வந்திருக்கிறது. 7, 6.1, 6.01 மூன்றையும் வட்டம் போட்டு வைத்திருந்தாள். எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அதுதான் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது; அது சுருங்கச் சுருங்க 6, அதாவது 3-க்கான அந்த 2x மட்டும் மிஞ்சுகிறது. இதை யாரும் வீட்டுப்பாடமாகக் கொடுக்கவில்லை. இயற்கணிதத்திலிருந்து நுண்கணிதத்துக்கு (கால்குலஸ்) போகிற வாசல் இதுதான். பிள்ளை தானாகவே அதுவரை போய் நிற்கிறாள்.

அண்ணாச்சி, அன்று உங்களிடம் நேரில் சொன்னதையே உங்களைப் போன்ற மற்ற பெற்றோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கடன். வருஷம் ஒன்றரை லட்சமாக நான்கு தவணை, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிற காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் ஆகும்போது தனிவட்டியாகவே 2,10,000 சேர்ந்திருக்கும். ஆறு லட்சம் எட்டு லட்சத்தைத் தாண்டிவிடும். விடுதிச் செலவு இதில் இல்லை. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசே கட்டணம் கட்டும் வழி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான், உங்கள் மகளுக்குக் கிடையாது. அவள் கேட்காத படிப்புக்கு மதினியின் நகையை வங்கியில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்ஜினியரிங்கிலும் கணக்கு உண்டே என்று மாமா போனில் கேட்டார். உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே அணிகள், வகையிடல், பல மாறிச் சார்புகள், தொகையிடல், பன்மடங்குத் தொகையிடல் ஐந்தும் ஒரே தாளில் வந்தன. கணக்கைக் கருவியாகப் பயன்படுத்த அது போதும். ‘அந்த 1 எங்கே?’ என்று கேட்கிற பிள்ளைக்குப் போதாது.

பி.எஸ்சி கணிதத்தில் இதே சங்கதி நிதானமாக வரும். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் 2023 மாதிரிப் பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரில் இயற்கணிதமும் முக்கோணவியலும் ஒரு தாள், வகை நுண்கணிதம் தனித் தாள். கூடவே பள்ளிக் கணக்கில் விட்டுப்போனதை நிரப்ப ‘பிரிட்ஜ் மேத்தமேடிக்ஸ்’ என்று ஒன்று உண்டு. இதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். கால்குலஸில் தப்பு செய்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது இயற்கணிதத்தில்தான். (a+b)-இன் வர்க்கத்தை விரிக்கும்போது 2ab-ஐ விட்டுவிடுவார்கள். இரண்டாம் செமஸ்டரில் தொகை நுண்கணிதமும் பகுமுறை வடிவியலும். மூன்றாம் வருஷம் மெய்ப் பகுப்பாய்வு (ரியல் அனாலிசிஸ்) வரும்போது, நோட்டின் கடைசிப் பக்கத்தில் செய்ததை முறையாக நிரூபிக்கக் கற்றுக்கொள்வாள். தன்னாட்சிக் கல்லூரிகளில் தாள்களின் வரிசை கொஞ்சம் மாறலாம்.

செலவா? அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்ந்தே 50 ரூபாயில் முடிந்திருக்கிறது. ஒரு வருஷத்துக்கான கட்டணமும் சில ஆயிரத்துக்குள் அடங்கும். ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில், அரசு உதவி பெறும் பள்ளியிலேயே படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். தரவரிசைக்கு மொழிப் பாடங்களை விட்டு மற்ற நான்கு பாடங்களைக் கூட்டி 400-க்குப் பார்ப்பார்கள்.

ஆசிரியர் வேலைக்குப் போகும் வழி உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன். உறவில் யாரும் சொல்லாதது ஜாம் (JAM) என்கிற எம்.எஸ்சி நுழைவுத் தேர்வு. பி.எஸ்சி கடைசி வருஷம் பிப்ரவரியில் எழுதலாம்: மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். தேறினால் ஐஐடிகளில் எம்.எஸ்சி. கணிதத்துக்கு ஒரு தாள், கணிதப் புள்ளியியலுக்கு ஒரு தாள். சென்னைக்கு அருகே சிறுசேரியில் இருக்கிற சென்னைக் கணிதக் கழகம் தனியாக நுழைவுத் தேர்வு வைத்து எம்.எஸ்சி கணிதத்துக்கும் டேட்டா சயின்ஸுக்கும் ஆள் எடுக்கிறது. மாமா சொல்கிற கம்ப்யூட்டர்தான் பிறகு பிடிக்கிறது என்றால் எம்.சி.ஏ இரண்டே வருஷம், கணக்கு படித்தவர்களுக்குக் கதவு திறந்தே இருக்கும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். ‘முக்கிய வினாக்கள்’ கைடை வாங்கி, தேற்றத்தை நெட்டுருப் போட்டு மூன்று வருஷம் ஓட்டினால் இந்தப் பட்டத்தால் ஒரு பயனும் இல்லை. ஜாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். அதனால் கல்லூரி திறப்பதற்குள் ஒரு சின்ன நோட்டில் வகைக்கெழு என்றால் டெரிவேட்டிவ், சார்பு என்றால் ஃபங்ஷன், எல்லை என்றால் லிமிட் என்று ஜோடி ஜோடியாக எழுதிப் பழகச் சொல்லுங்கள். இரண்டாம் வருஷத்திலிருந்து பைத்தான் என்கிற கணினி மொழியும் கூடவே வரட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. முன்பணத்தைத் திருப்பித் தரும்படி கல்லூரிக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் கேட்டால் இழுத்தடிப்பார்கள். சேர்க்கையின் கடைசித் தேதிக்கு முன் விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யின் விதி. மார்க் ஷீட்டும் டிசியும் ஒரிஜினலாகக் கொடுத்திருந்தால் அன்றைக்கே கையோடு வாங்கி வந்துவிடுங்கள், அரசுக் கல்லூரிக் கலந்தாய்வுக்கு அவை வேண்டும்.