மதுரையில் எந்தப் பகுதியில் குடியேறலாம்? சித்திரையும் ஐப்பசியும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

கேள்வி: நானும் கணவரும் பெங்களூரில் கணினித் துறையில் இருக்கிறோம். இனி இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அலுவலகம் போனால் போதும். மகள் ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். அத்தைக்கு 72 வயது, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உண்டு. பூர்வீகம் உசிலம்பட்டி பக்கம். எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஆனதும் குழப்பம்தான் கூடியிருக்கிறது. மதுரை நகருக்குள்ளா, சோழவந்தான் மாதிரி பச்சையான ஊரா, தேனியா, கொடைக்கானலா? உடனே ஒரு மனை வாங்கிவிடலாம் என்கிறார் கணவர்.

பதில்: மனை வாங்குவதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். முதலில் வாடகைக்கு வாருங்கள். முப்பது வருடமாக இந்த ஊரில் வீடு கட்டியும் பழுது பார்த்தும் வரும் கட்டடப் பொறியாளனாகச் சொல்கிறேன், மனை பார்க்கப் போகிற எல்லோரும் நல்ல மாதத்தில்தான் போகிறார்கள். தை, மாசியில் மதுரையில் எந்த மனையும் அழகாகத்தான் இருக்கும்.

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். ஒரு பங்குனி மாதம் போய் என் முதல் மனையைப் பார்த்தேன். சமதளம், ஓரத்தில் வேப்பமரம், நல்ல காற்று. அந்த இடத்தின் பெயர் ‘ஏந்தல்’ என்று முடிந்தது. மழைநீரை ஏந்தி வைக்கும் சிறு கண்மாய்க்குத்தான் அந்தப் பெயர் என்பதை யோசிக்கவே இல்லை. வீடு கட்டிக் குடிபோன வருடம் ஐப்பசியில் முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தது. அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு தெருமுனைக்குப் போன அந்த இரவு இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் ஊர்ப் பெயரை முதலில் படியுங்கள் என்கிறேன். குளம், ஏந்தல், ஏரி என்று பெயரில் இருந்தால் அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் நின்றது என்று அர்த்தம். தல்லாகுளமும் பீபீகுளமும் இன்று நெரிசலான தெருக்கள். அங்கே குடியிருக்கவே கூடாது என்று சொல்லவில்லை. நீங்கள் பார்க்கும் தெரு பழைய கரையில் இருக்கிறதா, பழைய குழியில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். 2024 அக்டோபரில் கொட்டிய மழையில் செல்லூர் கண்மாயை ஒட்டிய தெருக்கள் எப்படி மிதந்தன என்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறையின் அ-பதிவேடு இணையத்திலேயே கிடைக்கிறது. உங்கள் சர்வே எண்ணையும் அதைச் சுற்றியுள்ள நான்கைந்து எண்களையும் போட்டுப் பாருங்கள். பக்கத்து எண் ஓடை, வாய்க்கால், கண்மாய் என்று இருந்தால் அந்தத் தண்ணீர் இப்போது எந்த வழியாகப் போகிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். அப்புறம் அந்தத் தெருவின் பழைய வீடுகளைக் கவனியுங்கள். வாசற்படி சாலைக்குக் கீழே இறங்கியிருந்தால், ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. மழைநீர் யார் வீட்டுக்குப் போகும் என்று சொல்லவே வேண்டாம்.

கோடைக்கு வேறு ஒரு சோதனை. தண்ணீர் லாரி ஓட்டுபவரிடம், மே மாதத்தில் எந்தத் தெருக்களுக்கு அதிகம் போகிறீர்கள் என்று கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார். வைகையை ஒட்டிய கோச்சடை, சோழவந்தான் பக்கம் மணற்பாங்கு, தண்ணீர் ஓரளவு நன்றாக இருக்கும். வடக்கே அழகர்கோவில், மேலூர் பக்கம் அடியில் கடும் பாறை. பிளவு கிடைத்த போர்வெல்லில் தண்ணீர் வரும், பத்தடி தள்ளிப் போட்டால் புழுதிதான் வரும். தெற்கே திருமங்கலத்தைத் தாண்டினால் கரிசல். அந்த மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும், அதற்கேற்ற அடித்தளம் போடாவிட்டால் சுவர் விரிசல் விடும். விலை மலிவு என்று அங்கே மனை வாங்குகிறவர்கள் அடித்தளச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

இனி உங்கள் வீட்டு விஷயம். இதில் முடிவை அத்தையின் உடம்புதான் தீர்மானிக்க வேண்டும். ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு அந்த வசதி உள்ள மருத்துவமனைக்கு அரை மணி நேரத்தில் போக முடிகிற இடமாகப் பாருங்கள். கொடைக்கானலை இந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுவிடலாம். சுமார் 2,100 மீட்டர் உயரம், குளிர், மூடுபனி, இறங்கிவர மலைப்பாதை. விடுமுறைக்குப் போய் வாருங்கள்.

தேனி எனக்குப் பிடித்த ஊர். காற்று குளுமையாக இருக்கும், க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 2023-லிருந்து ரயிலும் போடி வரை போகிறது. ஆனால் நீங்கள் இருவரும் பெங்களூர் போய்வர வேண்டியவர்கள், மகள் படிக்கிற வயது. மதுரையில் இருந்தால் அதிகாலை வந்தே பாரத்தில் ஏறி மதியம் பெங்களூரில் இறங்கலாம். அதனால் தேனி இரண்டாவது இடம்தான்.

சோழவந்தான் ஆசை எனக்குப் புரிகிறது. பெரியாறு பாசனத்தில் நெல், தென்னை, வெற்றிலைக்கொடி என்று கண்ணுக்கு இதமான ஊர். நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் வேலை நேரத்தில் மின்சாரமும் இணையமும் எப்படி என்று பார்க்காமல் இறங்காதீர்கள். தமிழ்நாடு முழுவதும் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு பகல் முழுக்க மின்சாரம் நிறுத்துவது வழக்கம். நகரத்துக்கும் இது உண்டு. முந்தைய நாள் நாளிதழில் துணை மின் நிலையத்தின் பெயரோடு அறிவிப்பு வரும். நீங்கள் பார்க்கும் வீடு எந்தத் துணை மின் நிலையத்தைச் சேர்ந்தது என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே வீட்டில் வேலை பார்ப்பதால் நல்ல இன்வெர்ட்டர் அவசியம்.

சரி, நான் எங்கே பார்ப்பேன்? உங்கள் நிலையில் இருந்தால் எஸ்.எஸ். காலனி, பொன்மேனி, கோச்சடை இந்த மூன்றுக்குள் முதல் வருட வாடகை வீடு தேடுவேன். காளவாசலில் ஏறினால் நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி வழியாக உசிலம்பட்டிக்கு நேர்ச்சாலை. ஒரு கல்யாணம், காதுகுத்து என்றால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ரயில் நிலையம் பக்கம், மருத்துவமனைகள் பக்கம். பொன்மேனியில் பார்த்தால் மாடக்குளம் கண்மாய்ப் பக்கம் தாழ்ந்த தெருக்களை மட்டும் மழையில் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவனியாபுரம் பக்கம் விமான நிலையத்துக்கு வசதி, ஆனால் வெள்ளக்கல் குப்பைக்கிடங்கின் வாடை எந்தத் தெரு வரை வருகிறது என்று சாயங்காலம் போய் நின்று பாருங்கள். மாசி வீதிகளுக்குள் இருக்க ஆசைப்பட்டால் கார் நிறுத்தும் கனவை விட்டுவிட வேண்டும். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்பதால் வெளிச்சமும் வானமும் மிஞ்சியிருக்கின்றன, அது உண்மை. சித்திரைத் திருவிழா நாட்களில் ஆம்புலன்ஸ் உங்கள் வாசலுக்கு வருமா என்பதும் உண்மையான கேள்வி.

எந்தப் பகுதியானாலும் மேல்தளத்து வீடும், மேற்கு பார்த்த படுக்கையறையும் வேண்டாம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவு பத்து மணிக்கும் அனலைக் கக்கும், வயதானவர்களால் தாங்க முடியாது.

மகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரில் அவள் தமிழ் எழுதப் படிக்கக் கற்றாளா? மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயம். எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் இப்போதிருந்தே தினமும் அரை மணி நேரம் அவளோடு உட்காருங்கள். பதினோரு வயதுப் பிள்ளை புது வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்க நேர்ந்தால் ஊரையே வெறுத்துவிடும்.

அத்தையிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவருக்கு என்ன விருப்பம் என்று இல்லை. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் என்பது அவருக்கு உறவுகள் வந்துபோகிற தூரம். நடந்துபோகிற தூரத்தில் ஒரு கோயில், பேச்சுக்கு இரண்டு பேர், இறங்க ஏறப் படியில்லாத தரைத்தள வீடு. இந்த மூன்றையும் அவரையே நேரில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வீடு பார்க்க வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள்.

பங்குனிக் கடைசியில் வீடு தேடி, சித்திரையில் குடிவந்துவிடுங்கள். அக்னி நட்சத்திரம் முழுவதும் அந்த வீட்டில் படுத்து எழுந்துவிட்டால், ஜூனில் பள்ளி திறக்கும் முன்னாலேயே தண்ணீரும் வெப்பமும் தெரிந்துவிடும். வேறு தெரு பார்க்க வேண்டுமென்றாலும் அப்போதே பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்து ஓயும் அன்று குடையை எடுத்துக்கொண்டு, கணவர் விரும்பிய மனைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பாருங்கள். முன்பணம் பற்றிப் பொங்கலுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.